பதினேழு நெசவு நிறுவனங்கள், ஒரு குலுக்கல், ஒன்பது ஆண்டுகள்: நிர்வாக முறையின் பலனை அளந்த ஒரு கள ஆய்வின் நிகழ்வுப் பதிவு

பின்னணி

ஆட்களை நன்றாக நிர்வகிக்கும் நிறுவனம் கூடுதலாகச் சம்பாதிக்கிறதா என்ற கேள்விக்கு மேலாண்மைத் துறை பல ஆண்டுகளாக வினாத்தாள் வழியாகவே விடை தேடி வந்தது. இந்தத் துறையில் இன்றும் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு 1995-இல் மார்க் ஹியூஸ்லிட் வெளியிட்டது. அமெரிக்காவில் 3,452 நிறுவனங்களுக்கு அஞ்சலில் வினாத்தாள் அனுப்பப்பட்டது. 968 நிறுவனங்கள் விடை அனுப்பின. பயிற்சி, ஊக்க ஊதியம் போன்ற மேம்பட்ட பணிமுறைகளின் அளவு ஒரு திட்டவிலக்கம் (நிறுவனங்களுக்கிடையே வழக்கமாகக் காணும் வேறுபாட்டின் அளவு) கூடினால் பணியாளர் வெளியேற்றம் 7.05 விழுக்காடு குறைவாகவும், ஓர் ஊழியருக்கான விற்பனை 27,044 டாலர் கூடுதலாகவும் இருப்பதாகக் கணக்கு வந்தது. மனிதவளத் துறையை வெறும் செலவாகக் கருதிய நிர்வாகிகளிடம் காட்டுவதற்கு ஓர் எண் கிடைத்தது என்பதால் அந்தக் கட்டுரை பெரும் வரவேற்பைப் பெற்றது.

ஆனால் அந்த எண்ணுக்குள் மூன்று ஐயங்கள் இருந்தன. ஒரு நிறுவனம் முழுவதற்கும் ஒரே ஒருவர் விடை எழுதினால், அவருடைய விடையை எவ்வளவு நம்பலாம் என்பது முதல் ஐயம். ஒரே நிறுவனத்தைப் பற்றி வெவ்வேறு ஆட்களைக் கேட்டால் விடைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை என்று 2000-இல் கெர்ஹார்ட் குழுவினர் காட்டினார்கள். நல்ல நிர்வாகத்தால் லாபம் வந்ததா, லாபம் இருந்ததால் நல்ல நிர்வாகத்துக்குச் செலவிட முடிந்ததா என்பது இரண்டாவது ஐயம். பேட்ரிக் ரைட் குழுவினர் 2005-இல் ஒரே நிறுவனத்தின் 45 கிளைப் பிரிவுகளை எடுத்துக்கொண்டு பார்த்தபோது, மனிதவள நடைமுறைகள் பின்னால் வரப்போகும் செயல்திறனோடு எவ்வளவு ஒட்டி நின்றனவோ, ஏறக்குறைய அதே அளவுக்கு முன்பே நடந்து முடிந்த செயல்திறனோடும் ஒட்டி நின்றன. முந்தைய செயல்திறனைக் கணக்கில் கழித்த பிறகு மிஞ்சிய தொடர்பு மிகச் சிறியது. நடைமுறைகளும் செயல்திறனும் இரண்டுமே மூன்றாவது ஒன்றால், எடுத்துக்காட்டாகத் திறமையான ஒரு முதலாளியால், உண்டாகியிருக்கலாம் என்பது மூன்றாவது ஐயம்.

நம் பல்கலைக்கழகங்களில் இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்களில் மிகப் பலர் இன்னும் ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு வினாத்தாளைத் தயாரித்து, ஒரே நாளில் ஒரே ஆளிடம் நடைமுறையையும் பலனையும் சேர்த்தே கேட்டு, இரண்டுக்கும் ஒட்டுறவு இருக்கிறது என்று முடிக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே, வேறு வழியில் சென்ற ஓர் ஆய்வை இங்கே முதலிலிருந்து முடிவு வரை பதிவு செய்கிறேன். அது மும்பைக்கு அருகே நடந்தது. நெசவு ஆலைகளுக்கு இலவசமாக நிர்வாக ஆலோசனை கொடுத்து, அதனால் என்ன மாறுகிறது என்று அளந்தது. அதில் பங்கேற்ற ஆலைகளின் பெயரோ முதலாளிகளின் பெயரோ வெளியிடப்படவில்லை. ஆய்வு செய்தவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தையும் உலக வங்கியையும் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஐந்து பொருளியலாளர்கள். முதல் முடிவுகள் 2013-இல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் இதழில் வெளியாயின. அது மனிதவள நிர்வாகத்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வு அன்று. ஆலையின் அன்றாட நிர்வாகம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஆள் நிர்வாகம் அதில் ஒரு பகுதி. இதனால் எழும் சிக்கலைப் பின்னால் சொல்கிறேன்.

களமும் தெரிவும்

மகாராஷ்டிரத்தில் தாராபூர், அதற்கு வடக்கே குஜராத் எல்லைக்குள் உம்பர்காவ் ஆகிய இரண்டு ஊர்களும் பருத்தித் துணி நெய்யும் ஆலைகள் நிறைந்தவை. 100 முதல் 1,000 வரை ஆட்கள் வேலை செய்யும் நிறுவனங்களையே குழு தேடியது. அதற்கும் சிறியவற்றில் முறையான நிர்வாகம் என்ற பேச்சே எழாது. பெரியவற்றில் ஆலோசகர்கள் சில மாதம் இருந்து எதையும் மாற்ற முடியாது. இந்த வரையறைக்குள் 66 நிறுவனங்களை அணுகினார்கள். 34 நிறுவனங்கள் ஆர்வம் காட்டின. முதலாளியே நேரம் ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு இறுதியில் சேர்ந்தவை 17.

ஆலோசனை இலவசம் என்று அறிவித்தும் நாலில் ஒரு பங்கினர்தாம் வந்தார்கள் என்பது, தொழிற்சாலை வாசலில் நின்று அனுமதி கேட்டுப் பழகியவர்களுக்கு வியப்பாக இராது. கேட்காமல் இலவசமாக ஒன்று வருகிறது என்றால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்ற தயக்கம் தொழில் நடத்துபவருக்கு இயல்பு. ஆனால் ஆய்வு முறையின் கண்ணில் இது கடுமையான கேள்வி. முன்வந்த 17 நிறுவனங்கள் மற்றவற்றைவிட வேறுபட்டவையாக இருந்தால், அவற்றில் கண்டது பிறவற்றுக்குப் பொருந்தாது. பொதுப் பதிவேடுகளில் கிடைக்கும் அளவு விவரங்களை வைத்துச் சேர்ந்தவற்றையும் சேராதவற்றையும் ஒப்பிட்டதில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆனாலும் முதலாளியின் மனப்பாங்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லாதது. ஆகவே இந்த ஐயம் முழுவதும் தீர்ந்ததாக நான் கருதவில்லை.

அந்த 17 நிறுவனங்களும் குடும்ப நிறுவனங்கள். சராசரியாக ஒவ்வொன்றிலும் 270 பேர் அளவில் வேலை செய்தார்கள். மேல்மட்ட முடிவுகள் எல்லாம் குடும்பத்து ஆண்களிடமே இருந்தன. அவற்றின் ஆலைகள் மொத்தம் 28. அவற்றுள் 20 ஆலைகள் சோதனைக்குள் வந்தன.

முதல் மாதம் கண்டது

ஆலோசகர்கள் ஒரு பன்னாட்டு ஆலோசனை நிறுவனத்தின் இந்தியக் கிளையிலிருந்து வந்தவர்கள். அவர்கள் முதலில் எதையும் மாற்றவில்லை. ஒரு மாதம் பார்த்துக் குறித்தார்கள். பார்க்க வேண்டியவை 38 நடைமுறைகளாக முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. தறிகளுக்கு முறையான பராமரிப்பு உண்டா, எந்திரம் நின்றால் காரணம் எழுதப்படுகிறதா, துணியில் விழும் குறை வகைவாரியாகப் பதிவாகிறதா, நூல் இருப்பு நாள்தோறும் எழுதப்படுகிறதா, மேலாளர்கள் அன்றாடம் கூடிப் பேசுகிறார்களா, நல்ல வேலைக்கும் ஒழுங்கான வருகைக்கும் ஊக்கத்தொகை உண்டா, மேற்பார்வையாளர்களின் பொறுப்பு எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா, மாதத்தின் சிறந்த தொழிலாளி யார் என்று எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்கப்படுகிறதா என்பன போன்றவை அவை. ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு அல்லது இல்லை என்பதே. "ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்" என்பதற்கு அங்கே இடமில்லை. விடையை மேலாளர் சொல்வதை வைத்து எழுதாமல், ஆலோசகர் தம் கண்ணால் பார்த்தே எழுதினார். வினாத்தாள் ஆய்வோடு ஒப்பிட்டால் இந்த ஒரு முடிவே பெரிய வேறுபாடு என்று நினைக்கிறேன்.

கண்ட காட்சி இப்படி இருந்தது. நூல் மூட்டைகள் எது எந்த ரகம் என்ற அடையாளம் இல்லாமல் குவிந்து கிடந்தன. உதிரி பாகங்களும் கருவிகளும் வரிசையின்றிச் சிதறிக் கிடந்தன. நடைபாதையில் குப்பை சேர்ந்திருந்தது. தறி பழுதாகி நின்ற பிறகே பழுது பார்க்கும் வழக்கம் இருந்தது. நெய்த துணியை விளக்கு மேசையில் விரித்துக் குறை பார்த்துச் சரிசெய்வதற்கென்றே கணிசமான ஆட்கள் வேலை செய்தார்கள். அவர்கள் நாள் முழுவதும் குறைகளைத் திருத்தினார்கள். ஆனால் எந்தத் தறியில் எந்தக் குறை அடிக்கடி விழுகிறது என்ற கணக்கைத் தொகுத்துத் தறிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இல்லை. பின்னால் சோதனைக் குழுவில் சேர்ந்த ஆலைகளில் 38 நடைமுறைகளில் கால் பங்கு சொச்சமே அப்போது நடைமுறையில் இருந்தன.

ஏன் இவற்றைச் செய்யவில்லை என்று கேட்டதற்கு முதலாளிகளிடமிருந்து வந்த விளக்கங்கள் குறித்துவைக்கப்பட்டன. பக்கத்து ஆலையின் துணியைவிடத் தம் துணி மோசமில்லை, லாபமும் வந்துகொண்டிருக்கிறது, பிறகு தரக் கட்டுப்பாடு எதற்கு என்பது அவற்றுள் முக்கியமானது. ஒப்பீடு உள்ளூருக்குள்ளேயே நின்றுவிட்டால் எல்லோரும் ஒரே அளவுக்குக் குறையோடு இருப்பது தெரியாமலே போகும். இந்த விளக்கங்களைக் குறித்துவைத்தது பின்னால் பெரிதும் உதவியது. ஏனென்றால், செய்வது பயன் தரும் என்றால் ஏன் முன்பே செய்யவில்லை என்ற கேள்வியைப் பொருளியலாளர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, குலுக்கல். நிறுவனங்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்தார்கள். 11 நிறுவனங்களின் 14 ஆலைகள் சோதனைக் குழு. 6 நிறுவனங்களின் 6 ஆலைகள் ஒப்பீட்டுக் குழு. குலுக்கலை ஆலை அளவில் நடத்தாமல் நிறுவன அளவில் நடத்தியதற்குக் காரணம் எளிது. ஒரே முதலாளியின் ஓர் ஆலையில் கற்றது மறுநாளே அவருடைய இன்னோர் ஆலைக்குப் போய்விடும். அப்புறம் ஒப்பிட எதுவும் இராது. இந்தப் பரவல் உண்மையாகவே நடந்தது என்பது பின்னால் தெரிந்தது. சோதனைக்குள் வராத அதே நிறுவனங்களின் ஆலைகளிலும் நடைமுறைகள் மெல்லப் பரவின.

இரண்டாவது முடிவு, ஒப்பீட்டுக் குழுவுக்கும் முதல் ஒரு மாத ஆய்வை நடத்துவது. ஆலையில் வெளியாட்கள் வந்து உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள் என்பதே வேலையை மாற்றிவிடும் என்ற எச்சரிக்கை, 1920-களில் அமெரிக்காவின் ஹாதார்ன் தொழிற்கூடத்தில் நடந்த சோதனைகளின் காலத்திலிருந்தே இத்துறையில் உண்டு. ஒப்பீட்டு ஆலைகளிலும் அதே ஆட்கள் அதே கருவிகளோடு வந்து உட்கார்ந்தால், வெறும் வருகையின் விளைவு இரு பக்கத்திலும் இருக்கும். கழித்துப் பார்த்தால் மீதி தெரியும். ஒப்பீட்டு ஆலை ஒவ்வொன்றும் சராசரியாக 273 மணி நேர ஆலோசனையையும், சோதனை ஆலை ஒவ்வொன்றும் 781 மணி நேரத்தையும் பெற்றன. கூடுதல் நேரம் அடுத்த நான்கு மாதங்களில் நடைமுறைகளை ஏற்படுத்துவதற்காகச் செலவிடப்பட்டது.

இந்த இரண்டாவது முடிவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதுவே இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த முடிச்சு. தரக் குறையை வாரந்தோறும் எழுதும் வழக்கமே இல்லாத ஆலையில், மாற்றத்துக்கு முந்தைய தரக் குறை எவ்வளவு என்று எப்படித் தெரியும்? எழுத ஆரம்பித்தால்தான் தெரியும். எழுத ஆரம்பித்ததோ மாற்றத்தின் முதல் படி. அளவீடும், பலனை அறிவதற்காகப் புகுத்தும் மாற்றமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் இந்த நிலை மனிதவள ஆய்வில் அடிக்கடி வரும். பணியாளர் வருகையை எழுதத் தொடங்கிய உடனே வருகை கூடிவிடுவதை எந்த ஆலை மேற்பார்வையாளரும் அறிவார். ஒப்பீட்டுக் குழுவிலும் பதிவேட்டைத் தொடங்கிவைத்ததன் வழியாகத்தான் இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர முடிந்தது. அதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், ஒப்பீட்டுக் குழுவும் முற்றிலும் தீண்டப்படாததாக இல்லை.

மூன்றாவது முடிவு, லாபத்தை நேரடியாக அளக்க முயலாதது. குடும்ப நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் காணும் லாபத்தை நம்பி ஆய்வு செய்ய முடியாது என்பதை விரிவாக விளக்கத் தேவையில்லை. அதற்குப் பதிலாகத் துணியின் குறை, நூல் இருப்பு, நெய்த அளவு ஆகியவற்றை வாரந்தோறும் எடுத்தார்கள். குறைகளைச் சும்மா எண்ணாமல், அவற்றின் கடுமைக்கு ஏற்ப எடை கொடுத்து ஒரு குறியீட்டெண்ணாக்கினார்கள். லாபம் எவ்வளவு கூடியிருக்கும் என்பதை இவற்றிலிருந்து பின்னால் கணக்கிட்டுக்கொண்டார்கள்.

நடந்தது

சோதனை ஆலைகளில், பட்டியலிட்ட நடைமுறைகளில் கடைப்பிடிக்கப்பட்டவற்றின் பங்கு ஏறத்தாழ 38 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. ஒப்பீட்டு ஆலைகளிலும் 12 புள்ளிகள் உயர்ந்தன. அந்த 12-ஐ ஆய்வின் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் வந்து உங்கள் ஆலையில் இன்னது இல்லை என்று பட்டியல் போட்டுக் காட்டினால், அதில் எளிதானதைத் தாமே செய்துகொள்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

முதல் ஆண்டிலேயே சோதனை ஆலைகளின் உற்பத்தித் திறன் 17 விழுக்காடு கூடியது. தரக் குறைக் குறியீடு ஏறக்குறைய 43 விழுக்காடு குறைந்தது. நூல் இருப்பும் குறைந்தது. ஓர் ஆலைக்கு ஆண்டொன்றுக்கு 3,25,000 டாலர் அளவில் லாபம் கூடியிருக்கும் என்பது கணக்கு. சந்தை விலையில் இந்த ஆலோசனைக்கு ஓர் ஆலைக்கு 2,50,000 டாலர் ஆகியிருக்கும் என்றார்கள். ஓராண்டிலேயே போட்ட முதல் திரும்பிவிடுகிறது. மூன்று ஆண்டுகளுக்குள் சோதனை நிறுவனங்கள் கூடுதலாக ஆலைகளையும் திறந்தன.

முதலாளிகள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டதாக நினைக்கக் கூடாது. ஏற்பு மாதக்கணக்கில் படிப்படியாக நடந்தது. எது எப்போது ஏற்கப்பட்டது என்ற இந்தப் பதிவே, தடையாக இருந்தது பணமா அறிவா என்பதைப் பிரித்துப் பார்க்க உதவியது. செலவே இல்லாத பல நடைமுறைகள் முன்பு இல்லாதிருந்ததற்கு முதன்மையான காரணம், அவை உண்டு என்றோ தமக்குப் பொருந்தும் என்றோ அறியாதிருந்ததுதான் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். நன்றாக நடக்கும் நிறுவனம் வளர்ந்து மோசமான நிறுவனத்தைச் சந்தையிலிருந்து வெளியேற்றாததற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. வெளியாளை மேலாளராக வைத்தால் நூலும் துணியும் காணாமல் போகும் என்ற அச்சத்தால் பொறுப்பு குடும்பத்து ஆண்களைத் தாண்டிப் போகவில்லை. எனவே நிறுவனம் எவ்வளவு பெரிதாகும் என்பது குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நின்றது. மனிதவள நிர்வாகம் படிப்பவர்கள் கட்டுரையின் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் 17 விழுக்காட்டைவிட இதுவே நம் துறைக்கு நெருக்கமான கண்டுபிடிப்பு.

எண்ணிக்கை போதாதா?

இந்த ஆய்வைச் சொன்னவுடன் மாணவர்கள் முதலில் எழுப்பும் ஆட்சேபம் 17 நிறுவனங்கள் மிகவும் குறைவு என்பதுதான். வழிகாட்டிகள் 300 மாதிரி, 400 மாதிரி என்று கேட்டுப் பழக்கியதன் விளைவு அது. இதற்கு ஆய்வுக் குழு கொடுத்த விடை இரண்டு பகுதி கொண்டது.

நிறுவனங்கள் குறைவாக இருந்தாலும் ஒவ்வொன்றிலும் பல வாரங்களுக்கு அளவீடு இருக்கிறது என்பது ஒரு பகுதி. ஒரு தறிக்கூடத்தின் வார உற்பத்தி தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போனால் சரியும், புதிய ரகம் ஏற்றினால் சரியும், பிறகு ஏறும். ஒரு முறை மட்டும் அளந்தால் இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் பிழையாகச் சேரும். நூறு வாரம் அளந்தால் அது பெரும்பாலும் தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ளும். மேலும் எல்லா ஆலைகளும் ஒரே ஊர்ப் பக்கத்தில் ஒரே பொருளைச் செய்பவை. ஆகவே அவற்றுக்குள் தொடக்கத்திலேயே வேறுபாடு குறைவு. வங்கியையும் மருத்துவமனையையும் மென்பொருள் நிறுவனத்தையும் ஒரே மாதிரிக்குள் போட்டுக் கலக்கும் ஆய்வுக்கு நானூறும் போதாது.

மற்றப் பகுதி வரிசைமாற்றச் சோதனை. 17 நிறுவனங்களிலிருந்து 11-ஐத் தெரிவு செய்ய 12,376 வழிகள் உள்ளன. உண்மையில் நடந்த குலுக்கல் அவற்றில் ஒன்று. நிர்வாக மாற்றத்தால் எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த 12,376 பிரிவுகளில் எதை எடுத்தாலும் இரு குழுக்களுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரே மாதிரியான சிறு வேறுபாடுகளே வர வேண்டும். உண்மையில் கண்ட வேறுபாடு அந்த வரிசையின் ஓரத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதே சோதனை. பெரிய மாதிரிகளுக்கான சூத்திரத்தைச் சிறிய மாதிரியின் மேல் திணிக்காமல், குலுக்கலையே கணக்கின் அடித்தளமாக்கியது இதன் அழகு. ஒரு சாதாரணக் கணினியில் சில நிமிடங்களில் செய்துவிடலாம். ஆனால் நம் ஆய்வேடுகளில் இதை நான் மிக அரிதாகவே பார்க்கிறேன்.

ஆள் நிர்வாகத்தின் பங்கு எவ்வளவு?

இப்போது முன்பு சொன்ன சிக்கலுக்கு வருகிறேன். 38 நடைமுறைகளில் ஊக்கத்தொகை, பொறுப்பு வரையறை, சிறந்தவரை அறிவித்தல் என்று மனிதவளத் தலைப்பின்கீழ் வந்தவை சிறு பகுதியே. எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே ஆலோசகர்களால் புகுத்தப்பட்டன. 17 விழுக்காட்டில் எவ்வளவு ஊக்கத்தொகையால் வந்தது, எவ்வளவு தறிப் பராமரிப்பால் வந்தது என்று இந்த வடிவமைப்பால் பிரித்துச் சொல்ல முடியாது. இதை மனிதவள நிர்வாகத்தின் பலன் என்று எடுத்துக்காட்டும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அது வலுவானதும்கூட. 1997-இல் இக்னியோவ்ஸ்கி, ஷா, பிரென்னுஷி ஆகிய மூவர் அமெரிக்காவில் 17 நிறுவனங்களின் எஃகைக் கடைசிக் கட்டத்தில் செம்மையாக்கும் 36 உற்பத்தி வரிசைகளை நேரில் சென்று பார்த்து, மாதாந்திரப் புள்ளிவிவரத்தைத் திரட்டினார்கள். ஊக்க ஊதியம், குழுவேலை, பயிற்சி, வேலைப் பாதுகாப்பு ஆகியவை சேர்ந்து இருந்த இடங்களில் உற்பத்தித் திறன் கணிசமாக உயர்ந்தது. அவற்றைத் தனித்தனியே பார்த்தபோது பலன் சொற்பமாகவே இருந்தது. பழுதுக்கான காரணத்தை எழுதும் பதிவேடு இல்லாமல் எதற்கு ஊக்கத்தொகை கொடுப்பது? மேலாளர்களின் அன்றாடக் கூட்டம் ஆலை இயக்கம் என்ற தலைப்பின்கீழ் எண்ணப்பட்டது. ஆனால் யாரிடம் யார் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்யும் அந்தக் கூட்டத்தை ஆள் நிர்வாகம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆகவே பிரிக்க முடியாதது ஆய்வின் குறையா, பொருளின் இயல்பா என்பது திறந்த கேள்வி. ஆயினும் தொகுப்பாகவே பலன் உண்டு என்று சொல்வதற்கும் பிரித்துப் பார்த்த சான்று வேண்டும் என்பதால், இதைக் குறை என்றே எழுதிவைக்கிறேன்.

2017-இல் திரும்பிச் சென்றபோது

பெரும்பாலான ஆய்வுகள் கட்டுரை வெளியானதும் முடிந்துவிடும். இந்தக் குழு, தொடங்கி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2017-இல் அதே ஆலைகளுக்கு ஆலோசகர்களை மீண்டும் அனுப்பியது. அதன் முடிவுகள் 2020-இல் வெளியாயின. சோதனை ஆலைகளில் அன்று புகுத்தப்பட்ட நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. ஆனாலும் ஒப்பீட்டு ஆலைகளுக்கும் அவற்றுக்கும் இடையிலான இடைவெளி நடைமுறையிலும் செயல்திறனிலும் பெரிதாகவே இருந்தது. ஒரே நிறுவனத்தின் பிற ஆலைகளுக்கு நடைமுறைகள் பலவும் பரவியிருந்தன. அடுத்த நிறுவனத்துக்கு ஏதோ சிலதான் போயிருந்தன. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஆலைகள் என்றாலும் அறிவு மதிலைத் தாண்டவில்லை.

ஏன் கைவிட்டார்கள் என்று கேட்டபோது அதிகம் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு: ஆலை மேலாளர் மாறிப்போனது, இயக்குநருக்கு நேரமில்லாதது. எந்திரத்தாலோ பணத்தாலோ தொழில்நுட்பத்தாலோ வந்த தடையாக இவை இல்லை. முதல் கட்ட ஆய்வில் 38 நடைமுறைகளில் ஒரு சிறு பகுதியாக இருந்த ஆள் நிர்வாகம், இரண்டாம் கட்டத்தில் எது நிலைக்கும் எது நிலைக்காது என்பதை முடிவு செய்யும் இடத்துக்கு வந்து நின்றது. மேலாளரை எப்படித் தக்கவைப்பது, அவர் போகும்போது பொறுப்பை அடுத்தவருக்கு எப்படி ஒப்படைப்பது என்ற நடைமுறைகள் அந்த 38-க்குள் இடம்பெறவில்லை.

மாற்றிச் செய்வதானால்

இந்த ஆய்வை இன்று மீண்டும் வடிவமைக்க நேர்ந்தால் சிலவற்றை வேறு விதமாகச் செய்யச் சொல்வேன். நடைமுறைகளை ஒரே மூச்சில் புகுத்தாமல், சில ஆலைகளில் ஆள் நிர்வாகத்தை முதலிலும் எந்திரப் பராமரிப்பைப் பிறகும், மற்றவற்றில் வரிசையை மாற்றியும் கொடுத்தால் பங்கைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி கிடைக்கும். அதற்குப் பதினேழைவிடக் கூடுதல் நிறுவனங்கள் வேண்டும் என்பதையும், செலவு அதற்கேற்ப ஏறும் என்பதையும் மறுக்கவில்லை.

முதன்மை அளவீடுகளில் தொழிலாளியின் தரப்பு இல்லை. குறை குறைந்தது, நெய்த அளவு கூடியது, ஆனால் தறி ஓட்டுபவரின் வேலைச் சுமை கூடியதா, ஊக்கத்தொகை அவர் கைக்கு வந்ததா, அவர் அடுத்த ஆண்டும் அங்கேயே இருந்தாரா என்பன துணியின் குறைக் குறியீட்டில் தெரியாது. மனிதவளத் துறையினர் நடத்தும் ஆய்வில் இது பின்னிணைப்பாக இருக்கக் கூடாது. முதல் நாளிலிருந்து வாரப் பதிவேட்டின் அட்டவணையில் அதற்கென ஓர் இடம் இருக்க வேண்டும். அதேபோல மேலாளர் மாற்றத்தை ஒன்பது ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து கேட்காமல், மாற்றம் நடக்கும்போதே ஆண்டுக்கு ஒரு முறை தொலைபேசியில் கேட்டாவது குறித்திருக்கலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

உலக வங்கியின் பணமோ பன்னாட்டு ஆலோசகர்களோ இல்லாமல், கரூரிலோ ஈரோட்டிலோ ஒற்றை ஆளாக ஆய்வு செய்யும் மாணவர் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ள முடியும் என்ற கேள்வி எஞ்சுகிறது. குலுக்கல் ஒருவேளை கைகூடாது. ஆனால் ஒரே முதலாளியின் மூன்று கூடங்களில் புதிய ஊக்கத்தொகைத் திட்டம் மூன்று வெவ்வேறு மாதங்களில் தொடங்குமாறு கேட்டுக்கொள்வது பல இடங்களில் நடக்கக்கூடியது. ஒரு கூடத்தில் கற்றது மற்றக் கூடத்துக்கு முன்கூட்டியே கசிந்துவிடும் என்ற பழைய இடர் இங்கேயும் உண்டு. அதைத் தவிர்க்க முடியாவிட்டாலும், கசிந்தால் மாற்றம் குறித்த தேதிக்கு முன்பே பதிவேட்டில் தென்படும். ஆகவே அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே துணி பார்க்கும் மேசையின் குறைப் பதிவேட்டை வாரந்தோறும் நகலெடுக்க அனுமதி வாங்க வேண்டும். பதிவேடே இல்லையென்றால், அதைத் தொடங்கிவைத்து, அந்தத் தொடக்கத் தேதியையும் ஆய்வேட்டில் எழுத வேண்டும்.